பைக்குக்கு எந்த பேக் தாங்கும்? மூன்றை வீணாக்கியவன் எழுதும் வழிகாட்டி

சென்னை தண்டையார்பேட்டையில் வீடு, ராஜாஜி சாலையில் ஆபீஸ். துறைமுகச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் வெளிவேலை பார்க்கிறேன். காலையில் கஸ்டம் ஹவுஸ் (சுங்க அலுவலகம்), மதியம் மணலியிலோ மாதவரத்திலோ ஏதாவது ஒரு கன்டெய்னர் யார்டு, சாயங்காலம் திரும்ப ஆபீஸ். தினமும் 50 கிலோமீட்டருக்குக் குறையாமல் பைக்தான். முதுகில் எப்போதும் ஒரு பேக். அதற்குள் லேப்டாப், பில் ஆஃப் லேடிங் (சரக்கை எடுக்கக் காட்ட வேண்டிய கப்பல் கம்பெனி ஆவணம்), டெலிவரி ஆர்டர், சாப்பாட்டு டப்பா.

நான்கு வருடத்தில் நான்கு பேக் வாங்கினேன். 550, 900, 1,400, 2,650 ரூபாய். மொத்தம் 5,500. இதில் முதல் மூன்றும் போயே போச்சு. நான்காவது இரண்டு மழைக்காலத்தைத் தாண்டி இன்னும் ஓடுகிறது.

முதல் பேக் திருவொற்றியூர் தேரடி தாண்டியதும் அறுந்தது. இடது தோள்பட்டை மேலே தைத்திருந்த இடத்தில் அப்படியே பிய்ந்து வந்துவிட்டது. மொத்தக் கனமும் வலது பக்கம் சரிந்து, பேக் என் முழங்கையைத் தள்ள, ஹேண்டில் ஒரு ஆட்டு ஆட்டியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ட்ரெய்லர். எப்படி ஓரம் கட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. இரண்டாவதில் ஜிப் வாயைப் பிளந்தது. மூன்றாவது, மழையில் ஒரு ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங்கை நனைத்து என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

கவனித்தீர்களா? மூன்றில் ஒன்றில்கூடத் துணி கிழியவில்லை. நாம் கடையில் தடவிப் பார்ப்பதோ துணியை மட்டும். புதிதாக பைக் வாங்கி வேலைக்கோ காலேஜுக்கோ கிளம்புகிறவர்கள் என்னை மாதிரி தண்டம் அழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

(பைக்கடை என்று எழுதினால் பைக் கடை என்று படித்துவிடுவீர்கள். அதனால் கட்டுரை முழுக்க பேக், பேக் கடை என்றே வைத்துக்கொள்கிறேன். தமிழாசிரியர்கள் மன்னிக்க.)

1. கடைக்குப் போகும் முன் சுமையை நிறுத்துப் பாருங்கள்

இப்போது வைத்திருக்கும் பேக்கைத் தினமும் கொண்டுபோகிற எல்லாவற்றோடும் தூக்கிக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போய் தராசில் வையுங்கள். அண்ணாச்சி சிரிப்பார், பரவாயில்லை. என்னுடையது 7 கிலோ 200 கிராம் வந்தது. லேப்டாப்பும் சார்ஜரும் 2.4, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 1.2, ஃபைல்கள் 1.1, ரெயின்கோட் 1, டப்பா 900 கிராம், மீதி 600 கிராம் என்னவென்று கொட்டிப் பார்த்தால் பழைய ரசீதுகள், இரண்டு பூட்டு, ஒரு ஸ்பேனர்.

தண்ணீரையும் ரெயின்கோட்டையும் வண்டியின் சைடு பாக்ஸுக்கு மாற்றினேன். 5 கிலோ ஆனது. சாயங்காலம் கழுத்துக்குக் கீழே வலித்தது அந்த வாரமே பாதியாகக் குறைந்தது. நடக்கும்போது 7 கிலோ ஒன்றும் பெரிதில்லை. பைக்கில் ஒவ்வொரு பள்ளத்திலும் அது தோளை ஒருமுறை கீழே இழுக்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் லாரிகள் உழுதுபோட்ட தடத்தில் ஓட்டினவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஏழெட்டு கிலோவுக்கு மேல் தினமும் போகுமென்றால் பேக் தேடாதீர்கள். பின் சீட்டில் வலை போட்டுக் கட்டுங்கள், அல்லது பாக்ஸ் மாட்டுங்கள்.

அளவைப் பொறுத்தவரை தினசரி வேலைக்கு 22 முதல் 28 லிட்டர் போதும். 40 லிட்டர் வாங்கினால் 40 லிட்டரையும் நிரப்புவீர்கள், மனித சுபாவம் அது. டேக்கில் எழுதியிருக்கும் லிட்டரை நம்பாமல் கையில் ஒரு டேப் கொண்டுபோங்கள். உயரம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் லிட்டர். 45, 30, 18 என்று வந்தால் சுமார் 24 லிட்டர்.

லேப்டாப்பையும் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு, லேப்டாப்பின் அகலம் அல்ல. "பதினஞ்சு இன்ச் போகும் சார்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கின இரண்டாவது பேக்கில் லேப்டாப் சாய்வாகத்தான் உட்கார்ந்தது. ஜிப் பிளந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

2. துணி: எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்

600 டி, 1000 டி, 1680 டி என்று டேக்கில் போட்டிருப்பார்கள். டி என்றால் டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் அந்த எண். அதாவது நூல் எவ்வளவு தடிமன் என்று சொல்கிறதே தவிர, எவ்வளவு நெருக்கமாக நெய்திருக்கிறது என்று சொல்வதில்லை. தடித்த நூலைத் தளர்வாக நெய்து 1680 என்று போட்டு விற்கலாம். பேக்கின் ஒற்றைத் துணி இருக்கும் இடத்தை டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம்.

நம் தேவைக்கு 600 டி பாலியெஸ்டர் நெருக்கமாக நெய்திருந்தால் தாராளம். அடிப்பக்கம் மட்டும் 900 அல்லது 1000 இருந்தால் நல்லது, தேய்வது அங்கேதான். உரசலுக்கு நைலான் பாலியெஸ்டரைவிட நன்றாகத் தாங்கும், வெயிலுக்கு பாலியெஸ்டர் நைலானைவிட நன்றாகத் தாங்கும். நாள் முழுக்க யார்டு வாசலில் வெயிலில் நிற்கிற ஆளுக்கு பாலியெஸ்டர் ஒன்றும் குறைச்சல் இல்லை. கார்டுரா என்று போட்டிருந்தால், அது ஒரு பிராண்ட் பெயர். கம்பெனியின் தனி லேபிள் உள்ளே தைத்திருக்கும். வெளியே ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

உள்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். தண்ணீர் உள்ளே வராமலிருக்க பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு பூசியிருப்பார்கள். ஈரக் காற்றில் அது நாளாவட்டத்தில் கெட்டுப்போகும்: முதலில் பிசுபிசுப்பு, அப்புறம் செதில் செதிலாக உதிரும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது சீக்கிரமே நடக்கிறது. கடையில் பல மாதம் மூட்டையில் கிடந்த பேக் என்றால் வாங்கும்போதே பிசுபிசுக்கும். விரலில் ஒட்டினால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

3. தையல்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். பேக்கில் நான்கு இடங்கள் உயிர்நாடி: தோள்பட்டைகள் மேலே சேரும் இரண்டு இடம், கீழே சேரும் இரண்டு இடம். ஐந்தாவதாக, மேலே தூக்கும் கைப்பிடி.

முதலில் மேல் பக்கம். பட்டையைத் தூக்கிப் பிடித்து, அது முதுகுத் துணிக்குள் நுழையும் கோட்டைப் பாருங்கள். ஒரே ஒரு நேர்த்தையல் மட்டும் ஓடினால் அது என் முதல் பேக். நல்ல பேக்கில் அந்த இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அல்லது ஒரே இடத்தில் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டி, தடித்த கோடு மாதிரி அடைத்த தையல் இருக்கும். ஜீன்ஸ் பேன்ட்டில் பெல்ட் லூப்பின் மேலும் கீழும் பார்த்திருப்பீர்களே, அதே தையல். பார்டாக் என்பார்கள்.

அடுத்து பேக்கின் ஜிப்பை முழுக்கத் திறந்து கையை உள்ளே விட்டு அதே இடத்தை உள்பக்கத்திலிருந்து தடவுங்கள். பட்டையின் நுனி துணிக்குள் குறைந்தது இரண்டு விரல் அகலத்துக்காவது நீண்டிருக்க வேண்டும். விளிம்பிலேயே தைத்து நிறுத்தியிருந்தால், பாரம் ஏற ஏறத் துணியின் நூல் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். தையல் நூல் அறுந்திருக்காது, துணி விட்டிருக்கும். செருப்பு தைக்கும் அண்ணன் ஒருவர் என் முதல் பேக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நூலு நல்லாதான் கீது தம்பி, புடிக்கத்தான் துணி இல்ல" என்றார். இரண்டு வருடம் கழித்துத்தான் அவர் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது.

தையல் ரொம்ப நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைக்காதீர்கள். ஊசி ஓட்டைகள் அருகருகே விழுந்து, தபால்தலையின் ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். அங்குலத்துக்கு ஆறு, ஏழு தையல், எல்லாம் ஒரே நீளம், நூல் தொங்கல் இல்லை என்றால் சரி.

கீழ்ப்பக்கம் பட்டை நேராக பேக்கின் ஓரத் தையலுக்குள் போகக் கூடாது. ஒரு சின்ன முக்கோணத் துணி வைத்து, அதில் பட்டையைத் தைத்து, அந்த முக்கோணத்தின் அகலப் பக்கத்தை ஓரத் தையலுக்குள் கொடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் இழுவை ஒரே புள்ளியில் விழாது.

கடைசியாக இழுவைச் சோதனை. ஒரு கையால் பேக்கின் முதுகைப் பிடித்து, மறு கையால் பட்டையைக் கீழ்நோக்கிச் சுண்டி இழுங்கள். மெல்ல இல்லை, நன்றாக. தையல் ஓட்டைகள் விரிந்து நூல் தெரிந்தால் வைத்துவிடுங்கள். "இன்னா சார், பேக்க இப்டி இழுக்கறீங்க, பிஞ்சிடப் போவுது" என்று என்னிடம் ஒரு கடைக்காரர் பதறினார். அவர் வாயாலேயே பதில் வந்துவிட்டது, வெளியே வந்துவிட்டேன்.

4. ஜிப்பும் பக்கிளும்

ஜிப்பைத் திறந்து மூட இழுக்கிற ரன்னரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு எண் பொறித்திருக்கும். 5, 8, 10. மூடிய ஜிப்பின் பல்வரிசை ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் அகலம். மெயின் அறைக்கு 8 அல்லது 10 வேண்டும். சின்ன பாக்கெட்டுக்கு 5 போதும். ஒய்.கே.கே. என்ற ஜப்பான் ஜிப் கம்பெனியின் பெயர் பொறித்திருந்தால் நல்லது, ஆனால் அந்தப் பெயரிலும் போலி உண்டு. பெயரைப் பார்ப்பதைவிட, ஜிப்பை இருபது முறை திறந்து மூடிப் பாருங்கள். முக்கியமாக வளைவில். ஒரு கையால் வளைவில் சிக்காமல் ஓடினால் தேறும்.

உலோகப் பல் ஜிப் பார்க்க கம்பீரமாக இருக்கும். காசிமேடு, எண்ணூர் பக்கம் தினமும் போகிறவர்கள் வாங்காதீர்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்து இறுகிவிடும். பிளாஸ்டிக் சுருள் ஜிப்தான் நமக்கு. ரன்னர் மட்டும் உலோகமாகத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, மெழுகுவர்த்தியை ஜிப்பின் மேல் இரண்டு தடவை தேய்த்துவிட்டால் போதும்.

ஜிப் பிளந்துகொண்டால் பேக்கே போச்சு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பல் நன்றாக இருக்கும், ரன்னர்தான் தேய்ந்து வாய் அகன்றிருக்கும். கட்டிங் பிளேயரால் ரன்னரின் இரண்டு பக்கமும் மெல்ல அமுக்கினால் சில வாரம் ஓடும். அதற்குள் ரன்னரை மாற்றிவிடுங்கள். நான் 60 ரூபாய்க்கு மாற்றினேன், பத்து நிமிட வேலை. முன்பு இது தெரியாமல்தான் என் 900 ரூபாய் பேக்கைத் தூக்கிப் போட்டேன்.

ஓட்டும்போது இரண்டு ரன்னரையும் நடு உச்சியில் சேர்த்து நிறுத்தாதீர்கள். அதிர்விலேயே மெல்லப் பிரியும், சிக்னலில் பின்னால் நிற்பவன் விரலுக்கும் வசதி. இரண்டையும் ஒரு பக்கமாக, பாதி உயரத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

பக்கிளை கடையிலேயே பத்து முறை மாட்டிக் கழற்றுங்கள். 'டக்' என்று திடமாகச் சத்தம் வர வேண்டும்.

5. மழை: கவரை நம்பாதீர்கள்

என் மூன்றாவது பேக்கில் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று எழுதியிருந்தது, கூடவே ஒரு ரெயின் கவரும் கொடுத்தார்கள். ஐப்பசி மழை. மணலியிலிருந்து திரும்பும்போது கவர் மாட்டித்தான் கிளம்பினேன். ஆபீஸில் வந்து கழற்றினால் கவருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கியிருந்தது. ஃபைலின் கீழ்மூலை ஊறி, ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங்கில் முத்திரை மை பரவிவிட்டது. ஒரிஜினல் பாழானால் ஷிப்பிங் லைன், நஷ்டம் வந்தால் நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கும் இண்டெம்னிட்டி பாண்டு கேட்கும், பேங்க் கேரண்டி வரைக்கும் போகும். ஃபேனுக்குக் கீழே டேபிளில் விரித்து, நான்கு மூலையிலும் ஸ்டேப்ளர், பஞ்சிங் மெஷின் என்று கனம் வைத்து, நானும் முதலாளியும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். நல்லவேளை, எழுத்து படிக்கிற மாதிரி இருந்தது, ஏற்றுக்கொண்டார்கள்.

தண்ணீர் எப்படி வந்தது? கவர் வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடுகிறது. முதுகுப் பக்கம் திறந்தே இருக்கிறது. ஹெல்மெட்டிலிருந்து வழியும் தண்ணீர் ரெயின்கோட்டின் முதுகில் ஓடி, நமக்கும் பேக்குக்கும் நடுவே இறங்கி, கவரின் அடியில் போய்த் தங்குகிறது. அடியில் வடிகால் ஓட்டை இல்லையென்றால் கவரே வாளி. கூடவே, ட்ரெய்லர் சக்கரம் வாரி இறைக்கும் சேறு கீழேயிருந்து வரும். வேகமாகப் போனால் கவர் காற்றில் உப்பி, கழன்றும் போகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

"ரெசிஸ்டன்ட்" என்றால் தூறல் தாங்கும், அவ்வளவே. நிஜமாகவே நனையாத பேக் வேண்டுமென்றால், வாயைக் குறைந்தது மூன்று சுற்று சுருட்டிப் பக்கிள் போடுகிற ரோல்-டாப் வகை, அதுவும் தையல் இல்லாமல் ஒட்டி இணைத்த தார்ப்பாய்த் துணியில். ஆனால் ஒவ்வொரு முறை திறக்கவும் சுருளை அவிழ்க்க வேண்டும். ஒரு நாளைக்கு பதினைந்து முறை பேப்பர் எடுக்கிற எனக்குப் பொறுமை இல்லை.

சாதாரண பேக்கே வைத்திருப்பவர்கள் உள்ளே காப்பு போடுங்கள். லேப்டாப்புக்கு ஒன்று, பேப்பருக்கு ஒன்று என்று சுருட்டி மூடும் டிரை பேக் இரண்டு. அதற்கும் செலவு செய்ய மனமில்லையென்றால் கனமான பாலிதீன் கவரை வாய் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, தலைகீழாக இன்னொரு கவருக்குள் நுழைத்துவிடுங்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு காகிதம்கூட நனையவில்லை.

வாங்கியதும் வீட்டில் சோதித்துப் பாருங்கள். பேக்கில் நியூஸ்பேப்பரைக் கசக்கி நிரப்பி, மாடியில் குழாய் பைப்பால் பத்து நிமிடம் எல்லாப் பக்கமும் அடியுங்கள், முதுகுப் பக்கத்தையும் விடாமல். பிறகு பேப்பரை எடுத்துப் பார்த்தால் எந்தத் தையல் ஒழுகுகிறது என்று அதுவே சொல்லும். ஒன்று: திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஆன்லைனில் வாங்கியதை நனைத்துவிடாதீர்கள், எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆர்.சி., லைசென்ஸ் ஒரிஜினலை பேக்கில் சுமந்து நனைக்க வேண்டிய அவசியமே இல்லை. போனில் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாஹன் ஆப்பில் காட்டினால் சட்டப்படி செல்லும்.

6. உங்கள் வண்டியில் உட்கார்ந்து மாட்டிப் பாருங்கள்

கடைக்குள் கண்ணாடி முன் நின்று பார்ப்பது கல்யாணத்துக்குச் சட்டை எடுப்பதற்குச் சரி. பேக்குக்கு, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே நிற்கும் உங்கள் வண்டியில், ஹெல்மெட் போட்டு உட்காருங்கள். பேக்கில் ஐந்து கிலோ இருக்கட்டும். கடையிலேயே இரண்டு பேக்கை உள்ளே திணித்துக் கொடுப்பார்கள்.

தலையைப் பின்னால் சாய்த்தால் ஹெல்மெட் பேக்கின் உச்சியில் இடிக்கக் கூடாது. இடித்தால் ஹெல்மெட் முன்னுக்குத் தள்ளி, சாலையைப் பார்ப்பதே கஷ்டமாகும். அரை மணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பேக்கின் அடி சீட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முழுக்க சீட்டில் உட்கார்ந்துவிட்டால் பள்ளத்தில் பட்டை மேலே எழும்பி அடிக்கும். எட்டி நின்றால் முழுக் கனமும் தோளில்.

மார்புப் பட்டை கட்டாயம் வேண்டும். அது இல்லாத பேக் திரும்பும்போது ஒரு பக்கம் நழுவும். மேலே கீழே நகர்த்திக்கொள்ளும்படி இருந்தால் பெண்களுக்கும் தோதாக அமையும். இடுப்புப் பட்டை இருந்தால் நல்லது. பட்டைகளின் மிச்ச வால் தொங்கக் கூடாது. காற்றில் கழுத்தில் அடிப்பது ஒரு தொல்லை, நீளமாகத் தொங்கி செயினிலோ சக்கரத்திலோ போனால் அது விபத்து. மிச்சத்தைச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள்.

பேக் அடுக்கும்போது பூட்டு, ஸ்பேனர், சார்ஜர் போன்ற கட்டியான பொருளை முதுகெலும்பை ஒட்டி வைக்காதீர்கள். மல்லாக்க விழுந்தால் எது உங்கள் முதுகில் குத்தும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் எல்லாம் தானாக இடம் மாறும். அந்த ஸ்பேனர் இப்போது வண்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

பேக்கை ஹேண்டில்பாரில் மாட்டி ஓட்டுகிறவர்களை இன்றைக்கும் வண்ணாரப்பேட்டையில் பார்க்கிறேன். திரும்பும்போது இடிக்கும். செய்யாதீர்கள்.

முதுகுப் பக்கம் மெத்தைக்கு நடுவே காற்றோட வாய்க்கால் மாதிரி இடைவெளி இருக்கட்டும். அக்னி நட்சத்திரத்தில் எப்படியும் சட்டை நனையத்தான் போகிறது, ஆனால் லேப்டாப் அறை வரைக்கும் வியர்வை போகாது.

7. நிறம்

கறுப்பில் அழுக்கு தெரியாது, சரி. இரவு எட்டு மணிக்கு மாதவரம் பக்கம் லாரி டிரைவர் உயரத்திலிருந்து பார்த்தால் நீங்களும் தெரிய மாட்டீர்கள். கறுப்பே வாங்கினால் ஒளி பிரதிபலிக்கும் டேப் ஒரு முழம் வாங்கி பேக்கின் பின்பக்கம் தைத்துவிடுங்கள். ஒட்டினால் மழையில் வந்துவிடும்.

8. எங்கே, எப்போது, எவ்வளவு

பிளாட்பாரத்தில் 300 முதல் 600. பிராண்ட் காலேஜ் பேக் 1,000 முதல் 2,500. வயாடெர்ரா, ரைனாக்ஸ் மாதிரி பைக் ஓட்டுகிறவர்களுக்கென்றே செய்பவை அதற்கும் மேலே, பல மாடல் 4,000-ஐத் தாண்டும். தினமும் ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு 1,800 முதல் 3,000 ரூபாய்க்குள் நல்லது கிடைக்கும் என்பது என் அனுபவம். அதற்கு மேல் கொடுப்பது நீண்ட பயணம் போகிறவர்களுக்கு.

நம் பக்கத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பார்க்கலாம். பாரிமுனை, ஈவினிங் பஜார் சுற்றுவட்டாரத்தில் ஒரே நடையில் நாலைந்து கடை ஏறி இறங்கலாம், பேரமும் பேசலாம். பைக் ரைடர் பேக் மட்டும்தான் வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு போய்விடுங்கள்; வாங்காவிட்டாலும் ஒரு நல்ல பேக்கின் தையல் எப்படி இருக்கும் என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். அதன் பிறகு 900 ரூபாய் பேக்கைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். வண்டியை பாரிமுனையில் நிறுத்த இடம் தேடி அரை மணி போகும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

நேரம்: வார நாளில் காலை 11 மணி வாக்கில் போங்கள். சாயங்காலம் கூட்டத்தில் ஜிப்பை இருபது முறை இழுக்க விடமாட்டார்கள். அந்தப் பக்கம் பல மொத்தக் கடைகள் ஞாயிறு மூடியிருக்கும். மே கடைசி, ஜூன் முதல் இரண்டு வாரம் வேண்டவே வேண்டாம்; ஸ்கூல் திறக்கும் நேரம், விலை இறங்காது. ஆடித் தள்ளுபடி நல்ல நேரம். எப்படியும் புரட்டாசி பிறப்பதற்குள் வாங்கிவிட்டால், மழைக்கு முன் சோதித்து, குறை இருந்தால் மாற்றிக்கொள்ள ஒரு மாதம் கையில் இருக்கும்.

9. பில்லும் வாரண்டியும்

"பில் இல்லாம எடுத்துக்குங்க சார், நூறு ரூபா கம்மி பண்றேன்." இந்த நூறு ரூபாய்க்கு மயங்கித்தான் என் 1,400 ரூபாய் பேக்குக்கு எந்த உரிமையும் கேட்க முடியாமல் போனது. பில் வாங்குங்கள். அதில் கடையின் பெயர், ஜி.எஸ்.டி. எண், தேதி, மாடல் பெயர் இருக்க வேண்டும். வெறும் "பேக் 1" என்று எழுதினால் மாடலையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பில் மெஷினில் அடித்த வழவழப்புப் பேப்பர் என்றால் கடை வாசலிலேயே போட்டோ எடுத்து, உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேப்பரில் எழுத்து சில மாதத்தில் வெளுத்து மறைந்துவிடும். பர்ஸில் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

வாரண்டி கார்டில் கடையின் முத்திரையும் தேதியும் வேண்டும். "அஞ்சு வருஷம்" என்பது பெரிய எழுத்து. சின்ன எழுத்தில் ஜிப், தேய்மானம், சக்திக்கு மேல் பாரம் எல்லாம் சேராது என்றிருக்கும். பேக் போவதே ஜிப்பிலும் தேய்மானத்திலும்தான்! "ஜிப் ரன்னரும் பட்டைத் தையலும் வாரண்டியில் உண்டா, சரிசெய்ய எங்கே கொடுக்க வேண்டும், எத்தனை நாள் ஆகும்" என்று மூன்றையும் கேளுங்கள். கூரியர் செலவு உங்களுடையது என்றால் 200 ரூபாயாவது போகும். அந்தக் காசுக்குத் தெருவிலேயே தைத்துக்கொள்ளலாம். ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

"விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயந்துவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. மனசு மாறிவிட்டது, கலர் பிடிக்கவில்லை என்பதற்கு இது உதவாது. முதலில் கடையில் எழுத்தில் கேளுங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ஒரு பேக்குக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது வேறு. ஆனால் 1915 என்று சொன்னதுமே ஒரு கடையில் பேச்சின் தோரணை மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

10. வாங்கின வாரமே செய்ய வேண்டியது

புது பேக்கை நேராகச் செருப்பு தைக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். நான் சொன்ன நான்கு பட்டை முனையிலும், கைப்பிடியிலும் மெழுகு தடவிய நைலான் நூலால் கையால் ஒரு சுற்று தைக்கச் சொல்லுங்கள். எனக்கு 120 ரூபாய், முக்கால் மணி நேரம் ஆனது. "புச்ச ஏன்பா குத்தறே" என்று கேட்பார். விஷயத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஊசி லேப்டாப் அறைக்குள் வருகிற இடத்தில் உள்ளே ஒரு துண்டு ரெக்சின் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் முடிச்சு லேப்டாப்பைக் கீறும். மழைத்தண்ணீர் இந்த ஓட்டைகளில் இறங்கும் என்பதும் உண்மைதான். அதனால்தான் உள்ளே டிரை பேக். தையலை முடித்த பிறகு நீங்கள் வாரண்டி கேட்டால் கம்பெனி இதைக் காட்டி மறுக்கலாம்; வாரண்டியில் பட்டைத் தையல் தெளிவாக எழுதியிருந்தால் அது முடியும்வரை பொறுத்திருந்து தையுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரு பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு போட்டு, மென்மையான பிரஷால் பட்டைகளை மட்டும் தேய்த்துக் கழுவுங்கள். வியர்வை உப்பு அங்கேதான் ஊறியிருக்கும். வாஷிங் மெஷின் வேண்டாம், பூச்சு உரிந்துவிடும். தலைகீழாக, எல்லா ஜிப்பும் திறந்து, நிழலில் தொங்கவிடுங்கள். மெத்தை வைத்த பட்டை வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், முழுசாகக் காய ஒன்றரை நாள் பிடிக்கும். அதனால் சனிக்கிழமை சாயங்காலமே கழுவிவிடுங்கள். ஞாயிறு காலையில் கழுவி, திங்கள்கிழமை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கஸ்டம் ஹவுஸ் வரிசையில் நின்றால், முன்னாலும் பின்னாலும் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள்.